உடைமரக் காட்டில் கட்டிய மாடுகள்

என் கண்ணான தம்பிக்கு,

நீ கண்ணை மூடி எட்டு வருஷம் ஆகிறது. எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள்தான் எழுதுகிறாள். போன வருஷம் உன் மனைவியும் உன்னிடமே வந்துவிட்டாள். வீட்டில் இப்போது நானும் இவளும் மட்டும்தான்.

உனக்கொரு சேதி. நீ படித்த அதே மெட்ராஸ் மாட்டு டாக்டர் காலேஜுக்கு இவள் மனுப் போட்டிருக்கிறாள். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருஷம் நீ படிப்பை முடித்து வந்தாய். இப்போது பஞ்சாயத்து யூனியனுக்கு ஒரு மாட்டாஸ்பத்திரி வருகிறது, படித்தால் வேலை நிச்சயம் என்கிறார் இவளுடைய வாத்தியார். கட்டடம் வருகிறது, டாக்டர்தான் நிற்பதில்லை. தண்ணியில்லாக் காடு என்று வந்த வேகத்தில் மாற்றல் வாங்கிப் போகிறார்கள். நீ ஒருவன்தான் இந்தப் பக்கமே வேண்டுமென்று கேட்டு வாங்கி வந்தாய்.

நம் சித்தப்பா மகன் வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். "ஏண்ணே, மாட்டு வாலத் தூக்கிப் பாக்குற படிப்புக்கா பொட்டப்புள்ளைய அனுப்பப் போறீக?"

"ஒன் பசு கன்னு போட முடியாமக் கெடந்தப்ப, வாலத் தூக்க ஆளு தேடி அலைஞ்சியேடா" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

ஆனால் நான் மட்டும் யோக்கியனா? இவள் தொட்டிலில் கிடந்த வருஷம், பக்கத்து ஊரில் வெக்கை நோய் வந்து மாடுகள் கழிந்து கழிந்து செத்தன. நீ பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுத் தடுப்பு மருந்து கொண்டுவந்தாய். ஊசி போட்டால் மாட்டுக்குக் காய்ச்சல் வரும், சில நாள் ஏர் பூட்டக் கூடாது என்றாய். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. நம் மண்ணில் ஈரம் எத்தனை நாள் நிற்கும்? என் ஏர்மாட்டு ஜோடியை ஓட்டிப்போய் உடைமரக் காட்டுக்குள் கட்டினேன்.

"மாடு எங்கண்ணே?" என்றாய். சந்தைக்குப் போயிருக்கிறது என்றேன். தொழுவத்தில் சாணி ஆவி பறக்கக் கிடந்தது. நீ அதைப் பார்த்தாய், என்னையும் பார்த்தாய்.

கூடப்பிறந்தவனே காட்டவில்லை, நமக்கென்ன என்று ஊரே மாட்டை மறைத்தது. ஐஸ் உருகிக் கெட்டுப்போன மருந்தை நீ குழி தோண்டிப் புதைத்தாய். பத்து நாளில் என் மயிலையும் செவலையும் விழுந்தன. ஊரில் பாதித் தொழுவம் காலி. மறுபடி வந்து சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தவனும் நீதான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை தம்பி?

இவள் பேனாவை நிறுத்திவிட்டாள்.

"மாடு சந்தைக்குப் போயிருந்துச்சுன்னுதானே ஊருல சொல்றாக, பெரியய்யா?"

"அது நான் சொன்ன கதை தாயி."

"இதையும் எழுதவா?"

"எழுது. இன்னொண்ணும் இருக்கு."

தம்பி, காலேஜிலிருந்து தபால் வந்து நாலு நாளாகிறது. இவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது தபால்காரர் என்னிடம் கொடுத்து, படித்தும் சொன்னார். இவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாரத்தில் நான் கைநாட்டு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் இவள் அங்கே இருக்க வேண்டும். அந்தத் தபாலைக் குதிரைவாலிப் பானைக்குள் போட்டு மூடினேன். தினமும் கேட்டாள். "வரலை தாயி" என்றேன். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அல்ல. இவளும் போய்விட்டால் என்னோடு பேச இந்த வீட்டில் ஒரு வாய் இல்லை.

எழுதுவதை விட்டு எழுந்து உள்ளே போனாள். பானை மூடி விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"நாலு நாளும் கஞ்சி எப்பிடி எறங்குச்சு ஒங்களுக்கு?"

"எறங்கலை."

"வெரல நீட்டுங்க."

மை தடவி, பாரத்தில் என் பெருவிரலை வைத்து அழுத்தினாள். கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள்.

நாளைக்குப் பரமக்குடியில் மெட்ராஸ் வண்டி ஏற்றிவிடுகிறேன். இனி இவளுக்கு வரும் எதையும் மறைக்க மாட்டேன். இது உனக்கு என் வாக்கு. இவள் போனபின் உனக்கு எழுத எனக்குக் கை இல்லை. என் சேதி கேட்க வேண்டுமென்றால் நீதான் வரவேண்டும். வாசலில்தான் படுத்திருப்பேன்.

இப்படிக்குக் கைநாட்டு வைக்கும்,
உன் கூடப்பிறந்த அண்ணன்.