நான் தூங்க விடாத கோபுரம்

மச்சான்,

இன்று காலை பத்து மணிக்கு உன் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா போன் செய்தார். முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டேன். அவருக்குக் கோபம். "ரெண்டு ரிங் அடிச்சு கட் பண்ண வுடேன்லா, எதுக்கு எடுக்கிற?" என்றார். பேசுங்கள் என்றேன். பேச ஒன்றுமில்லையாம். அப்படியானால் போனை அணைக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். அரை மணி நேரம் ஈப்போவில் என் வீட்டில் உட்கார்ந்து அவர் வீட்டுக் கோழிகள் கொத்துவதைக் கேட்டேன். நடுவில் ஒரு தகரக் கதவு கிரீச்சிட்டது. உன் வீட்டுக் குளியலறைக் கதவு. காற்றுதான்.

ரெண்டு ரிங் அடித்துக் கட் பண்ணினால் 'நலமாக இருக்கிறேன்', மூன்று அடித்தால் 'உடனே வா'. எஸ்டேட்டில் எல்லோருக்கும் அதுதான் பாஷை. ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், பிள்ளைகள் டவுனுக்குப் போனார்கள், தொழிலாளர் லயன் வீடுகளில் மிஞ்சிய நீங்கள் ஏழு வீட்டுக்காரர்களும் அந்த வழக்கத்தை விடவில்லை. நீயும் தினமும் பத்து மணிக்கு, மாத்திரை போட்டுக்கொண்டு, எனக்கு ரெண்டு ரிங் அடிப்பாய். நான் எடுக்க மாட்டேன்.

போன் கோபுர வேலையை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. லோரியில் பேட்டரி தூக்கப் போனவன், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு புத்தகம் படித்துத் தேறினேன். உங்கள் எஸ்டேட் கோபுரம் யாரும் பேசாத நேரத்திலும், பேசும்போது குடிப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவாகக் கரண்ட் குடித்தது. ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் விளக்கெல்லாம் எரிவது மாதிரி. பகலில் பேச்சும் டேட்டாவும் ஓர் அளவுக்குக் கீழே போனால் அது தானாகத் தூங்கட்டும், பக்கத்து ஊர் சிம்பாங் பூலாயில் இருக்கும் கோபுரம் அந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான்தான் சொன்னேன். ஆபீசில் அதைத் திட்டமாக்கினார்கள். திட்டத்தில் என் பெயரைப் போடவில்லை. சோதித்துப் பார்க்க மட்டும் என்னை அனுப்பினார்கள்.

சிம்பாங் பூலாய் தேநீர்க் கடையில் அதை உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். நீ சந்தோஷப்படவில்லை.

"பகல்ல ஆளே இல்லன்னு எழுதிட்டியா?"

"அந்த டவர யாரும் தொடுறதில்ல மச்சான். கணக்கு இருக்கு."

"நான் தெனம் ரெண்டு ரிங் அடிக்கிறனே, அது எங்க இருக்கு?"

"எடுத்துப் பேசுனாதான் கணக்கு."

"அப்ப நான் உசுரோட இருக்கிறது கணக்குல இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டியவனுக்கு டவரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாய். "வீட்டுக்குள்ள வந்து பாரு. அப்புறம் தூங்க வை," என்றாய்.

நான் வரவில்லை. எஸ்டேட் ரோட்டில் லோரியை நிறுத்தி, சிக்னல் சோதனைக் கருவியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தேன். சிம்பாங் பூலாய் கோபுரம் நன்றாகக் கிடைத்தது. உன் லயன் சுண்ணாம்பு மலைக்குப் பின்னால் மறைந்திருப்பது எனக்குத் தெரியும். இறங்கி நூறு அடி நடந்திருக்கலாம். கோபத்தில் நடக்கவில்லை. படிவத்தில் 'போதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கோபுரம் தூங்கத் தொடங்கிய முதல் நாள் பத்து மணிக்கு உன் ரிங் வரவில்லை. முறைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் வரவில்லை. இருக்கட்டும், அவனே இறங்கி வரட்டும் என்று இருந்தேன். மூன்றாம் நாள் நீ குளியலறையில் விழுந்து கிடந்தாய். லெட்சுமி அக்கா துணி எடுக்க வெளியே வந்தபோது பிற்பகல் ஆகிவிட்டிருந்தது. உன் போனை என்னிடம் கொடுத்தார். திரை முழுக்க என் பெயர். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ என்னைத் திட்டுவாய் என்று தயாராகப் போனேன். நீ சிரித்தாய். "அடிச்சேன்லா. டவர் நல்லா தூங்குது. நீ செஞ்சது நல்லாவே வேலை செய்யுது." இடுப்பெலும்பு உடைந்த நீ அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு நீ இல்லை.

உன் காரியம் முடிந்த மறுநாள், அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குள் போனேன். கோபுரம் தூங்கும் நேரம் பார்த்துக் குளியலறையில் நின்றேன். ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமில்லை. அதை எழுதி ஆபீசில் நீட்டினேன். வீட்டுக்குள் போய்ச் சோதியுங்கள், எடுக்காத ரிங்கையும் கணக்கில் சேருங்கள் என்று கேட்டேன். எடுக்காத அழைப்பு பயன்பாடு ஆகாது என்றார்கள். பிறகு என் பழைய படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். அன்றைக்குத்தான் அவர்களுக்கு என் பெயர் ஞாபகம் வந்தது. வேலை வேண்டாமென்று சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேள் என்றார்கள், கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் அங்கே இல்லை.

இப்போது புதுவகை ரேடியோக்களைப் பற்றிப் படிக்கிறேன். தாமாகவே காதுகொடுத்துக் கேட்டு, காலியாக இருக்கும் அலைவரிசையைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துமாம். அதிலும் இதே வம்புதான். அதிக நேரம் கேட்டால் கரண்ட் செலவு. குறைவாகக் கேட்டால் மெலிந்த குரல் காதில் விழாது, இடம் காலி என்று முடிவு கட்டிவிடும். உனக்குப் படித்துக் காட்டியிருந்தால், இதைத்தானே தேநீர்க் கடையில் சொன்னேன் என்றிருப்பாய்.

கரண்டை மிச்சப்படுத்தச் சொன்னது தப்பென்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆளில்லாத அறையில் காற்றாடி ஓடினால் இன்னமும் கத்துகிறேன். தப்பு, நான் ரோட்டிலேயே நின்றது.

அதனால் லயனில் மிச்சமுள்ள ஆறு வீட்டுக்கும் அளவில்லாமல் பேசும் சிம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காலையில் கோபுரம் தூங்குவதற்கு முன்பே தொடங்கி, ஒருவர் மாற்றி ஒருவர் எனக்குப் போன் செய்து, அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். பேச்சு அந்த அளவுக்குக் கீழே போகாதவரை கோபுரம் தூங்காது. வீண் செலவுதான். தெரிந்தேதான் செய்கிறேன்.

உன் குளியலறையில் எழுதிய அந்தத் தாளை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலேயே இருக்கிறது. சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைக்கிறேன்.

இன்று அந்த அரை மணி கழித்து லெட்சுமி அக்கா ஜன்னல் பக்கம் வந்தார். "இன்னும் இருக்கியா?" என்றார்.

இருக்கிறேன் அக்கா என்றேன். வைத்துவிடாதீர்கள்.