தனித்தட்டு வைக்கச் சொன்னவனுக்கு

அன்பு மகன் வொங்கானிக்கு அப்பா எழுதுவது. எல்லாரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஏரியில் உசிப்பா மீன் நன்றாகப் படுகிறது, உன் அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, அந்த மட்டும் நலம். ஜோகன்னஸ்பர்க்கில் நீ நலம் என்று கேட்காமலே தெரிகிறது, பெண்டாட்டியை அதட்ட அவ்வளவு தெம்பு இருக்கிறதே.

உன் மகள் லுசுங்குவுக்கு வந்திருப்பது வலிப்பு நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் உன் பெண்டாட்டி டோவேரா தரையில் உட்கார்ந்து அழுதாள். பெற்ற வயிறு, அழட்டும் என்று விட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது, தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை, விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இப்படிக் கொஞ்சம் தேறிக்கொண்டிருந்தவளிடம் நீ போனில் என்ன சொன்னாய்? "நம்ம வம்சத்துல இல்லாத நோயி. பரிசமா மாடு குடுத்து உன்னக் கட்டுனது இதுக்கா? அவ வாய் நுரை பட்டா தம்பிக்கும் ஒட்டிக்கும், தனித்தட்டு வை, மாத்திரைய நிறுத்து, நான் ஒரு நாட்டு வைத்தியர அனுப்புறேன்" என்றாயாம். நல்ல தகப்பன்.

புருஷன் பேச்சு என்று அவளும் மாத்திரையை நிறுத்தினாள், தனித்தட்டும் வைத்தாள். சில நாளில் குழந்தை மீனுக்குப் புகை போடும் அடுப்போரம் விழுந்தாள். சுற்றி அத்தனை பெண்கள் நின்றார்கள், நுரைக்குப் பயந்து ஒருத்தியும் கை நீட்டவில்லை. டோவேராதான் ஓடிவந்து இழுத்தாள், அதற்குள் இடது கை வெந்துவிட்டது. நீ தூரத்தில் இருக்கிறாய், பிழைத்தாய். பக்கத்தில் இருந்திருந்தால் இவ்வளவு பெரிய மகன் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

மாத்திரையை அன்றே மறுபடி ஆரம்பித்துவிட்டோம். ஆனால் நீ சொன்ன தனித்தட்டு மட்டும் போகவில்லை. பெண்களும் பிள்ளைகளும் ஒரே தட்டில் களி கிள்ளிச் சாப்பிட, இவள் மட்டும் சிவப்புப் பிளாஸ்டிக் தட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மருமகளிடம் மாமனார் நேருக்கு நேர் நின்று பேசுவது நம் வழக்கம் இல்லையே, அதனால் குழந்தையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆண்கள் சாப்பிடும் பாயில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். பொட்டைப்பிள்ளை இங்கே உட்காருவதா என்று உன் சித்தப்பா மதாயோ முறைத்தான், அவள் எங்கள் தட்டில் கை வைத்ததும் எழுந்தே போய்விட்டான். "போறவன் போகட்டும்டி, அவன் பங்கு மீனு நமக்கு" என்றேன். அடுப்படி வாசலில் நின்று டோவேரா பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வேளை மகளையும் மகனையும் தன் தட்டிலேயே சேர்த்து உட்கார வைத்துக்கொண்டாள். அந்தச் சிவப்புத் தட்டில் இப்போது கோழிக்குத் தவிடு வைக்கிறோம்.

டோவேரா தேறிவிட்டாள், தேறாதவன் நீதான். பயமாக இருக்கிறது என்றால் பயம் என்று சொல், எனக்கும் பயம்தான், ராத்திரி குழந்தை இருமினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அதற்கு உன்னைத் திட்ட மாட்டேன். பயத்தை மறைக்க வம்சத்தை இழுக்காதே, ஒன்றும் அறியாதவள் மேல் பழி போடாதே.

வாராவாரம் கூப்பிடுகிறாய், சின்னவனோடு கொஞ்சுகிறாய், லுசுங்குவைக் கேட்பதே இல்லை. போன ஞாயிறு நீ போனை வைத்த பிறகு, கட்டுப் போட்ட கையோடு என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள், "தாத்தா, போன்ல பேசினாக்கூட அப்பாவுக்கு ஒட்டிக்குமா?"

உன்னைப் பற்றிய கேள்வி, நீயே பதில் சொல்.

அங்கே குளிர் காலம், நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், கூடவே கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும். வருகிற ஞாயிறு கூப்பிடும்போது முதலில் அவளிடம் பேசு, மறந்துவிடாதே.

இன்னும் கோபம் ஆறாத உன் அப்பா,
யோட்டாமு கோண்ட்வே