சுவரைப் பார்த்து நின்றவர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அந்த வரி வரமாட்டேன் என்கிறது. இங்கே சௌக்கியம் பாதிதான், அங்கே அதுவும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனில் பேசலாம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ நல்லாருக்கேம்மா, வேலை இருக்கு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதம் அப்படி இல்லை. மடித்துப் போட்டாலும் மேஜைமேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் அப்பா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதறாதே, ஆள் நன்றாகவே இருக்கிறார், நர்சுகளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. நீ போன் பண்ணியபோது அப்பா தூங்குகிறார் என்றேனே, அது பொய், அப்போது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். என்மேல் கோபப்படாதே, நீ மறைத்து வைத்திருப்பதற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை, அதற்கும் வருகிறேன். அன்றைக்குக் காலையில் நான் கூடத்தில் கடைக்குக் கொடுக்க வேண்டிய திரைச்சீலைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பொத்தென்று ஒரு சத்தம், பின்னாலேயே வாளி உருண்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினேன். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வேறு எவளாக இருந்தாலும் கதவைத் தட்டி ஊரைக் கூட்டியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, கதவுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பி, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யோசித்துச் செய்ததில்லை, கால் தானாகத் திரும்பிவிட்டது.

ஏன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும், அப்போது நீ அவ்வளவு சின்னவள். பலமில்லாமல் இருந்த உன் இடது காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்தாளே ஒரு அம்மாள், எப்போதும் விசில் மாட்டிக்கொண்டிருப்பாள், அவள்தான் சொன்னாள். குழந்தை விழுந்ததும் உங்க மூஞ்சியத்தான் தேடுது, மூஞ்சி கிடைச்சா அழும், கிடைக்கலன்னா எழுந்துக்கும், அதனால யாரும் பாக்காதீங்க, தூக்காதீங்க என்றாள். அன்றிலிருந்து நீ விழுந்தால் வீட்டிலிருக்கிற அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வோம். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் பூச்சு பெயர்ந்த ஒரு குழி இருக்கிறதே, எலி சுரண்டியது என்று நீ நினைத்திருப்பாய். உங்கப்பா சுரண்டியது அது. நீ தரையில் கிடந்து முனகுகிற நேரமெல்லாம் அந்த மனிதர் நகத்தால் சுவரைத் தோண்டிக்கொண்டு நிற்பார், நீ எழுந்து வந்து சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் கையை எடுப்பார். பிறகு அது வீட்டுக்கே சட்டமாகிவிட்டது. பஸ் பட்டறையில் அப்பாவுக்கு வரவேண்டிய பதவி வேறு ஆளுக்குப் போனபோது நான் ஆறுதல் சொல்லவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். நான் தைத்த திரைச்சீலைகள் மொத்தமும் அளவு தப்பென்று திரும்பி வந்தபோது அவரும் அதையே செய்தார், நான் ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் பிரித்துத் தைத்தேன். நீ கிரேன் ஓட்டுகிற தேர்வில் தவறி, மறுபடியும் தவறி, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோதும் நாங்கள் யாரும் உள்ளே வரவில்லை. நீயாகத்தான் எழுந்தாய், நீயாகத்தான் மறுபடி போய் எழுதினாய், இன்றைக்குத் துறைமுகத்தில் அவ்வளவு உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டிகளைத் தீப்பெட்டி மாதிரி எடுத்து வைக்கிறாய். அதனால் அன்றைக்குச் செய்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். தூக்கித் தூக்கி வளர்த்திருந்தால் நீ இன்னும் என் இடுப்பில்தான் இருந்திருப்பாய்.

ஆனால் கேள். நான் சுவரைப் பார்த்து நிற்கிறேன், உள்ளே அவரும் வாயைத் திறக்கவில்லை. வெளியே நான் நிற்பது அவருக்குத் தெரியும், எப்படி நிற்பேன் என்பதும் தெரியும். குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, நடுநடுவே ஈரத் தரையில் ஏதோ உரசுகிற சத்தம், எழுந்திருக்கப் பார்க்கிறார் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது, வெட்கக்கேடு. நல்லவேளையாக மேல்மாடி எலக்ட்ரீசியன் ஏணி கேட்க வந்தான், வந்தவன் என்னைப் பார்த்துவிட்டு என்னக்கா, சுவத்துல ஏதாவது படம் ஓடுதா என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறந்தபோதுதான் உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அவன் ஒரு நொடி யோசிக்கவில்லை, தோளால் இடித்தான், தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது. தரையில் வெள்ளைத்தாளாக வெளுத்துக் கிடந்த மனிதர் அவனைப் பார்த்துச் சொன்னது என்ன தெரியுமா, ஒண்ணுமில்லப்பா, இதோ எழுந்துக்கறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, விழுந்தப்போ லேசாத்தான் விரிசல் விட்டிருக்கும்மா, அதோட எழுந்திருக்க முயற்சி பண்ணதுலதான் எலும்பு இவ்வளவு விலகியிருக்கு, ஏன் உடனே யாரையும் கூப்பிடலை என்று கேட்டார். அப்பா கூரையைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கூப்பிடுகிற வழக்கம் இல்லை என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது.

இப்போது உன் விஷயம். உன் அறைத்தோழி, நீ சுண்டெலி என்று கூப்பிடுகிறவள், எனக்குப் போன் பண்ணினாள். அவளோடு சண்டைக்குப் போகாதே, சொன்னது தெரிந்தால் நீ கொன்றுவிடுவாய் என்று அழுதுகொண்டேதான் சொன்னாள். இடது முழங்கால் வீங்கி மாதக்கணக்காகிறதாம், வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாயாம், ஆபரேஷன் செய்யாமல் இனி கிரேன் ஏணி ஏறினால் கால் மொத்தமாகவே போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகும் ஏறுகிறாயாம். சொன்னால் கூண்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று மேற்பார்வையாளரிடம் மூச்சு விடவில்லையாம். போன வாரம் இறங்கும்போது கால் மடங்கி, பாதி ஏணியில் கையால் தொங்கினாயாமே. கீழே இருந்தவர்கள் என்ன ஆச்சு என்று கத்தியதற்கு, கையுறையைச் சரி பண்ணிக்கிறேன் என்றாயாம். இதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம், அடுத்து வந்தது பயம். அப்பா ஒண்ணுமில்லப்பா என்றதும் நீ கையுறை என்றதும் ஒரே வாயிலிருந்து வந்தது போல இருக்கிறது. கண்ணை மூடினால் நீ அந்த ஏணியில் தொங்குகிறாய், சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள்.

கூண்டு போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும், அது உன் கையை விட்டுப் போகலாம் என்பதும் தெரியும், போகாது என்று பொய்ச் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் கால் போனால் கூண்டும் சேர்ந்துதான் போகும், இதைப் புரிந்துகொள்ள நீ கிரேன் ஓட்ட வேண்டியதில்லை. விடாப்பிடியாக நின்றுதான் நீ இவ்வளவு தூரம் வந்தாய். அந்தப் பிடிவாதத்தை ஆபரேஷன் முடிந்து மறுபடி நடை பழகும்போது வைத்துக்கொள், அப்போது அது நிறையவே வேண்டியிருக்கும். இப்போது செய்ய வேண்டியது வாயைத் திறப்பது ஒன்றுதான், நம் குடும்பத்துக்கு அதுதான் ஏணி ஏறுவதைவிடக் கஷ்டம் என்று எனக்கும் தெரியாமல் இல்லை.

அப்பா கற்றுக்கொண்டுவிட்டார், அதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஆபரேஷன் ஆன பிறகு அவரை முதல்முதலாக எழுப்பி நிறுத்த ஒரு பையன் வந்தான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார், எழ முடியவில்லை. நான் வழக்கப்படி திரும்பி ஜன்னல் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஏய், இந்தப் பக்கம் திரும்பு, கையக் குடு என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கியதில்லை. கையைக் கொடுத்தேன், கொடுத்துவிட்டு அந்தப் பையன் முன்னால் ஓவென்று அழுதேன், அவரும் மூக்கை உறிஞ்சினார், பையன் பயந்துபோய் வலிக்குதா ஐயா என்று கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது வீட்டில் இவருக்கு ருசி கண்டுவிட்டது. கண்ணாடியை எடு, தலையணையைத் தூக்கி வை, டிவியை மாற்று என்று நிமிஷத்துக்கு ஒரு கூப்பாடு. கூப்பிடத் தெரியாத மனிதரைக் கூப்பிடப் பழக்கினது என் தலைவிதி என்று திட்டிக்கொண்டே செய்கிறேன், ஆனால் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் மனசு நிறைகிறது. உன் விஷயத்தையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவ கூப்பிட மாட்டா, நம்ம புள்ள, நீ கிளம்பு என்றார்.

அதனால் கிளம்புகிறேன். கடையில் லீவு சொல்லியாகிவிட்டது, முதலாளியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், வைத்துக்கொள்ளட்டும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்துவிட்டாள், அப்பாவும் அவளும், அண்ணனும் தங்கையுமாக, இப்போதே டிவிக்கு அடித்துக்கொள்கிறார்கள். ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று, எங்கே இறங்க வேண்டும், எந்த பஸ் என்று சுண்டெலி சொல்லிவிட்டாள். இதைப் படித்ததும் வராதே என்று நீ போன் பண்ணுவாய், நான் எடுக்கமாட்டேன். முடிந்தால் நான் வருவதற்குள் மேற்பார்வையாளரிடம் சொல், முடியாவிட்டால் இரு, இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லலாம், நான் பக்கத்தில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவரை ஏணி மட்டும் ஏறாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காய்ச்சல் என்று சொல், தலைவலி என்று சொல், பொய் சொல்ல உனக்கா கற்றுக்கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. உன் ஜன்னலுக்குக் கனமான துணியில் திரை தைத்திருக்கிறேன், படுத்தே கிடக்கப் போகிறவளுக்கு வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் இரண்டு காலும் கடைசிவரை உன்னைத் தாங்க வேண்டும், அவை தாங்காத நேரத்தில் கேட்ட உடனே ஒரு கை கிடைக்க வேண்டும். அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மணி அடிப்பேன். நீ எழுந்து வராதே. கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வை, நானே உள்ளே வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா