கவ்வாலி தெரியாத பாய்

ஜனவரி 4, 1978. புதன். துபாய், தேரா.

ராத்திரி பெய்த மழை. கடை வாசலில் கணுக்கால் தண்ணீர். அட்டைப் பெட்டிகள் எல்லாம் பெஞ்சுமேல். இரண்டு டிரான்சிஸ்டர் நனைந்துவிட்டன. காயவைக்க வெயில் இல்லை.

வாங்க வேண்டியது: பேட்டரி, சவக்காரம், ஏர்மெயில் கவர், உம்மாவுக்கு முழங்கால் தைலம்.

மத்தியானம் மறுபடி மழை. நனைந்துகொண்டே தமிழ் மன்றத்துச் செயலாளர் சந்தானம் சார் வந்தார். ஆயில் கம்பெனி இன்ஜினியர், மெட்ராஸ்காரர், கராமாவில் குடும்பத்தோடு புது ஃப்ளாட். டேப் ரெக்கார்டர் வேண்டும் என்றார். ஓட்டிக் காட்டக் கையில் பாட்டு காசெட் அகப்படவில்லை. வழக்கம்போல வெறும் காசெட்டைப் போட்டு நானே நாலு வரி பாடி, பதிந்து, திருப்பிப் போட்டுக் காட்டினேன். எங்கள் ஊர்க் கப்பல் பாட்டு.

வாடை திரும்பிருச்சு, வடம் இழுப்போம் தண்டேலு
ஓடை கடந்துபுட்டா ஊர்வெளக்கு தெரியுமடா

கேட்டுவிட்டு மனுசர் அசந்து போனார். "பாய், இவ்ளோ நல்ல குரலை வெச்சுக்கிட்டு ரேடியோ வித்துட்டிருக்கீங்களே. பொங்கல் விழாவுல நீங்க அவசியம் பாடணும். ஒரு கவ்வாலி பண்ணிடுங்க."

பாடியது தமிழ். அவர் கேட்டது கவ்வாலி, உருதுப் பாட்டு. மழைச் சத்தத்தில் காது அடைத்திருக்கும் என்று நினைத்து, "பாடுறேன் சார்" என்று மட்டும் சொன்னேன். டேப் ரெக்கார்டர் வாங்கவில்லை. பார்த்துவிட்டு வருகிறாராம்.

ஜன. 6, வெள்ளி.

குளிர். ஜும்ஆ முடிந்து பிரியாணி. மன்றத்து ஆள் வந்து விழா விவரம் சொல்லிவிட்டுப் போனான். இருபதாம் தேதி, வெள்ளி மாலை, பள்ளிக்கூட ஹால். முதலில் 'தமிழிசை' வரிசை, பிறகு நாட்டியம், அப்புறம் 'பல்சுவை'. நான் பல்சுவையில். கவ்வாலி. ஜிகினா வைத்த ஷெர்வானியும் ரோமத் தொப்பியும் மன்றமே ஏற்பாடு பண்ணும் என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஆக, காது அடைக்கவில்லை.

பக்கத்துக் கடை கரீம் பாயிடம் சொன்னேன். ஹைதராபாத்காரர், வாட்ச் ரிப்பேர். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "அரே மியான், முசல்மான் ஹோகே உர்தூ நஹீ ஆத்தி?" முஸ்லிமாய் இருந்துகொண்டு உருது வராதா என்று வாரம் தவறாமல் கேட்கிற கேள்விதான். இன்று அதோடு, உச்சரிப்பு தானே சொல்லித் தருவதாக வேறு சொன்னார். ரொம்ப உபகாரம்.

கரீம் பாய்க்கு நான் மதராசி. மன்றத்துக்கு நான் பாய். ஊரில் என்னை எவனும் பாய் என்று கூப்பிட்டதில்லை. சின்னவர்கள் அண்ணன் முறைக்குக் காக்கா என்பார்கள், பெரியவர்கள் பேர் சொல்லுவார்கள். துபாயில் கப்பல் இறங்கித்தான் பாய் ஆனேன்.

எங்கள் ஊர் கீழக்கரையில் உருது காதில் விழ வேண்டும் என்றால் வெளியூர்க்காரன் யாராவது வர வேண்டும். கல்யாணத்தில் பெண்கள் பாட்டு, பந்தலுக்கு உள்ளே. தோணியில் ஆண்கள் பாட்டு. நபிமேல் பாடினாலும் தமிழ், மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணினாலும் தமிழ். என் அக்கா, ராத்தா, ஒரு கல்யாணத்துக்குப் பாடப் போனால் தொண்டை கட்டித்தான் திரும்புவாள். என்னிடம் இருக்கிற பாட்டில் பாதி அவளிடமிருந்து வந்தது. இது எப்போது பல்சுவை ஆனது?

ஜன. 8, ஞாயிறு.

பேங்க் வேலையாக அக்கரைக்கு. ஆப்ராப் படகு ஓட்டுகிறவனோடு ஒருவன் சண்டை, சில்லறை இல்லையாம்: "சேஞ்ச் மாஃபி, சேஞ்ச் மாஃபி." காற்று முகத்தில் அறைந்தது. எங்கள் ஊர் வாடை மாதிரியே.

துறையில் ஒரு பெரிய மரக்கலம். ஆட்கள் பாய்மரக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கிழவன் ஒருவன் முதல் அடியை எடுக்க, மற்றவர்கள் ஒரே மூச்சில் பதில். சொல் ஒன்றும் புரியவில்லை. இழுக்கிற இடத்தில் குரல் தடிப்பதும், விடுகிற இடத்தில் இறங்குவதும் நன்றாகவே புரிந்தது. முத்துக் குளிக்கப் போன காலத்துப் பாட்டாக இருக்கும். அந்தப் படகுகள் போய்விட்டன. ஆனாலும் கயிறு என்று ஒன்று இருந்தால் பாட்டும் வேண்டித்தானே இருக்கிறது. வேலை இருக்கிறது என்பதை மறந்து நின்றுவிட்டேன்.

'இந்த ஊர்ல என்ன இருக்கு, மணலும் சிமெண்டும்' என்று மன்றத்து ஆட்கள் சொல்வார்கள். இத்தனை வருஷம் இருந்தும் துறைப்பக்கம் வந்து நின்று கேட்டிருக்க மாட்டார்கள்.

பேங்க் மூடிவிட்டது. நாளை மறுபடி போக வேண்டும்.

ஜன. 10, செவ்வாய்.

பல்வலி. கிராம்பு.

கடைக் கூட்டாளி அபூ மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். ரூமும் ஒன்று, சமையலும் ஒன்று, அவரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. மீன் கழுவிக்கொண்டே சொன்னார்:

"உமக்கு ஏன் இந்த வேலை? தொப்பியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை கையைத் தட்டிட்டு இறங்கிற வேண்டியதுதான. மன்றத்து ஆளுக அத்தனை பேரும் நம்ம கடைக்கு வாறவுக."

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பாடச் சொல்றியளா மச்சான்?"

"அங்கெ யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

மீன் குழம்பில் புளி அதிகம். கோபத்தில் போட்டதா, மறந்து போட்டதா தெரியவில்லை.

ஆத்திரம் எதில் என்று யோசித்துப் பார்த்தேன். கவ்வாலி மேல் ஒன்றும் இல்லை. பாடுகிறவன் பாடினால் அதுவும் நன்றாகத்தான் இருக்கும். என்னைப் பார்த்ததும் தமிழ் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே, அதுதான் எரிகிறது. தமிழ் மன்றம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். வாசலிலேயே என்னை விருந்தாளி ஆக்கிவிட்டார்கள்.

ஜன. 13, வெள்ளி.

கராமாவில் ஒத்திகை. சந்தானம் சார் வீடு. டாக்சியில் போனேன். புதுச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. ஹாலில் ஜமக்காளம், ஹார்மோனியம், பத்துப் பன்னிரண்டு பேர். பிள்ளைகள் மூலையில் இங்கிலீஷில் சண்டை.

என் முறை வந்தது. "கவ்வாலி எனக்கு வராது சார். கப்பல் பாட்டு பாடுறேன்" என்று சொல்லிவிட்டு யாரும் வாய் திறப்பதற்குள் ஆரம்பித்தேன். தொண்டை ஒத்துழைத்தது. சந்தானம் சார் சம்சாரம் முறையாகச் சங்கீதம் படித்தவர். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "அசல் புன்னாகவராளியாட்டம் இருக்கே. யார்கிட்ட கத்துண்டேள்?" என்றார். நல்ல மனசோடு கேட்டதுதான். "தோணியில" என்றேன். சிரித்தார், நானும் சிரித்தேன். காபி போட உள்ளே போனார்.

பொருளாளர் ராமநாதன் மட்டும் சிரிக்கவில்லை. ஷிப்பிங் ஆபீசில் அக்கவுண்டன்ட்.

"அது என்ன தண்டேல்? உருதுவா?"

"தோணித் தலைவன் சார். எங்க கடக்கரைல எல்லாருமே சொல்ற வார்த்தை."

"சிறப்பு விருந்தினரா வர்றவர் வடநாட்டு அதிகாரி, பாய். ஒருமைப்பாடு தெரியணும்னுதான் இந்த அயிட்டத்தையே வெச்சிருக்கோம். தமிழ்ல பாடத்தான் நாங்க இத்தனை பேர் இருக்கோமே." நிறுத்திவிட்டு, "ஆமா, வீட்ல என்ன பாஷை பேசுவீங்க? உருதுதானே?" என்றார்.

அந்த நேரத்தில் அடுக்களையில் சந்தானம் சாரின் அம்மாவும் மருமகளும் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுத்தமான தெலுங்கில். ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. ஒருத்தருக்கும் அது விசேஷமாகப் படவில்லை. செயலாளர் வீட்டுத் தெலுங்கு வீட்டோடு இருக்கிறது, அவருடைய தமிழ், மன்றத்தில் இருக்கிறது. அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி போதும், ராமநாதன் வாய் அடைத்துப்போகும். சந்தானம் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போயிற்று.

கேட்கவில்லை. அந்த அம்மா எந்தப் பாஷையில் சர்க்கரை கேட்டால் எனக்கு என்ன? எந்தக் கேள்வி என்னைக் குத்துகிறதோ அதையே எடுத்து இன்னொருத்தரைக் குத்த மாட்டேன். பயந்து விட்டதாக எவனும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ராமநாதனிடம், "தமிழ்தான் சார். தூக்கத்துல உளர்றதுகூட தமிழ்தான்" என்றேன்.

"அப்ப இந்த வருஷம் வேணாம். கவ்வாலி பாட வேற ஆள் பார்த்துக்கறோம்."

காபி குடிக்காமல் எழுந்தேன். சந்தானம் சார் வாசல்வரை வந்தார். டாக்சி கிடைக்க நேரமாயிற்று.

ஜன. 14, சனி. பொங்கல்.

கடைக்கு வந்த தமிழ் ஆட்களெல்லாம் பொங்கல் வாழ்த்து சொன்னார்கள். ஜபல் அலியில் துறைமுகம் கட்டுகிற சைட்டிலிருந்து ஒரு கும்பல் ரேடியோ வாங்க வந்தது. ராமநாதபுரத்து ஆள் ஒருவன், "கேம்ப்ல சக்கரைப் பொங்கல் வெச்சோம் காக்கா, அடி பிடிச்சிருச்சு" என்றான். காக்கா என்று காதில் விழுந்ததே போதும். ரேடியோ விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

புன்னாகவராளி பற்றி மச்சானிடம் சொன்னேன். "அது பாம்பாட்டி ராகமுல்ல?" என்றார். இருக்கட்டும். பாம்பு ஆடினால் போதாதா, பொருளாளர் வேறு ஆட வேண்டுமா?

பேர் தெரியாமலே அந்த ராகத்தைத் தோணியில் பாடிக்கொண்டிருந்திருக்கிறோம். பேர் வைத்தவர்களுக்கு அது சங்கீதம், பாடினவர்களுக்கு வேலை. எது முந்தி என்று யாரைக் கேட்பது.

வருத்தம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். மேடையில் நின்று பாட ஆசையாகத்தான் இருந்தது. என் பாட்டை, என் பேரில், தமிழ் என்று சொல்லி. அது கிடைக்கவில்லை. தொப்பி போட்டுக்கொண்டால்தான் கிடைக்கும் என்றால் வேண்டாம்.

ஜன. 17, செவ்வாய்.

மூடுபனி. எதிர்க்கடை தெரியவில்லை.

பனிக்குள்ளிருந்து சந்தானம் சார். மெல்லிசைக் குழுவில் பாடுகிறவனைக் கடலுக்குள் எண்ணெய் ரிக் டியூட்டிக்கு அனுப்பிவிட்டார்களாம். கவ்வாலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. நிகழ்ச்சியில் பெரிய ஓட்டை.

"நீங்க பாடணும் பாய்."

"என்ன பாட்டு சார்?"

"உங்க பாட்டே."

"தொப்பி?"

"வேண்டாம்."

கொஞ்ச நேரம் அலமாரியில் இருந்த ரேடியோக்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "அன்னிக்கு எங்க வீட்ல... நீங்க சொல்லியிருக்கலாம். சொல்லலை" என்றார். "சொல்றதுக்கு என்ன சார் இருக்கு" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுசர்தான். அதனால்தான் அவர்மேல் கோபப்படுவது கஷ்டமாக இருக்கிறது.

போகும்போது ஒன்று சொன்னார். நிகழ்ச்சித் தாள் ஏற்கனவே அச்சாகிவிட்டது, அதில் கவ்வாலி என்றே இருக்கும், பெரிதுபடுத்த வேண்டாம்.

மச்சானிடம் சொன்னேன். அவர் காலிப் பால்பவுடர் டின்னை எடுத்து மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தார். தாளம் போட வருகிறார் போலிருக்கிறது.

ஜன. 20, வெள்ளி.

விழா முடிந்து ரூமுக்கு வந்து உடனே எழுதுகிறேன்.

ஹால் நிறைய ஜனம். முன்வரிசையில் பட்டுப்புடவை, கோட்டு. பின்னால் கேம்ப் ஆட்கள், நின்றுகொண்டு. நான் வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை. மேடை ஓரத்தில் என்னைப் பார்த்த ராமநாதன், "டிரஸ் மாத்தலையா?" என்றார். "மாத்திட்டுத்தான் வந்திருக்கேன் சார், சலவைக் கைலி" என்றேன்.

'தமிழிசை' முடிந்தது. நாட்டியம் முடிந்தது. பல்சுவையில் என் பேரைக் கூப்பிட்டார்கள். கவ்வாலி என்றுதான் சொன்னார்கள். மச்சான் டின்னோடு பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் அடியில் குரல் நடுங்கிற்று, ஒளிக்கவில்லை. இரண்டாவது அடியில் சரியாயிற்று. அப்புறம் ஹால் தெரியவில்லை. ராத்தா பாடுகிற மாதிரி கடைசி எழுத்தை இழுத்து விட்டேன். பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் வடம் இழுக்கிற இடத்தில் குரல் கொடுத்தார்கள். முன்வரிசை கொஞ்சம் முழித்தது, பிறகு தாளம் போட்டது. வடநாட்டு அதிகாரியும் போட்டார்.

நல்ல கைதட்டல். கும்பிட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தேன். சந்தானம் சார் மைக்கைப் பிடித்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"நமது இஸ்லாமியச் சகோதரர், கவ்வாலியை அழகுத் தமிழிலேயே பாடி நம்மையெல்லாம் ஆச்சரியத்தில் ஆழ்த்திவிட்டார்."

மறுபடி கைதட்டல். முன்னைவிடப் பெரிசாக.

படியில் ஒரு கால், மேடையில் ஒரு கால். மச்சான் சட்டையைப் பிடித்து இழுத்தார். "போதும், வாரும். இவ்வளவு கெடச்சதே பெருசு."

பெரிசுதான். வாங்கிக்கொண்டு பேசாமல் இறங்கியிருந்தால் எல்லாருக்கும் சுகம். சட்டையை விடுவித்துக்கொண்டு திரும்பி ஏறினேன். சந்தானம் சாரிடம் கையை நீட்டினேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து மைக்கைக் கொடுத்தார்.

"இது கவ்வாலி இல்லீங்க. எங்க ஊர்ல இதுக்குப் பாட்டுன்னு பேரு. தமிழ்ப் பாட்டு. சரியா கேட்காதவுகளுக்காக இன்னொரு தடவை பாடுறேன்."

சந்தானம் சார் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். ராமநாதன் ஓரத்திலிருந்து வாட்சைத் தட்டிக் காட்டினார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டே டின்னோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பாடினேன்.