அப்பா பெயரில் நிற்கும் லாரி

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

கேபினின் இடது கதவு இன்று பொருந்திவிட்டது. கீல் இரண்டையும் சுப்புராஜ் அண்ணன் பட்டறையில் பற்றவைத்து வாங்கி வந்து நானே தூக்கி மாட்டினேன். சாத்தினால் 'டப்' என்று ஒரே சத்தம். வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்தும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அம்மா வாசலில் வந்து நின்றாள். "ஏட்டி மாரிக்கனி, அந்தக் கதவ ஒடைக்கதுக்குள்ள சாப்ட வா."

அப்பா ஓட்டிய 407 லாரி. அவர் போன பிறகு பக்கத்துக் காலி மனையில் வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறிவிட்டது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று அண்ணன் வேல்பாண்டி ஆள் கூட்டி வந்தான். அந்த ஆள் டயரைத் தட்டிப் பார்த்தபோது, "குடுக்க வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். என்ன பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. அதிலிருந்து ஞாயிறுதோறும் எதையாவது கழற்றுகிறேன், எதையாவது மாட்டுகிறேன். பின்பக்கப் பெட்டி முழுக்கப் புதிது. பிடித்திருக்கிறது. இதற்கு மேல் காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு ஓட்டத் தெரியாது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பழகித் தரச் சொல்லி யாரிடமாவது கேட்க வேண்டும். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கவே எனக்கு வாய் வராது.

11 பிப்ரவரி

கம்பெனியில் ஞானபாக்கியம் அக்கா என் நகத்தைப் பார்த்துவிட்டாள். "என்ன பிள்ள, கரியா இருக்கு?" அம்மாவுக்கு டை அடித்துவிட்டேன் என்றேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் பி.காம். பிள்ளை, வீட்டில் கிரீஸ் அள்ளுகிறாள் என்று எப்படிச் சொல்வது?

3 மார்ச், திங்கள்

நிலத்துப் பணம் வந்துவிட்டது. வன்னியம்பட்டியில் எங்கள் நிலத்தை நான்குவழிச் சாலைக்கு எடுத்தார்கள் அல்லவா, அதற்கான பணம். பட்டா அப்பா பெயரில் இருந்ததால் வாரிசுகளுக்குச் சமமாகப் பிரித்து அவரவர் கணக்கில் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு. மெசேஜைக் கம்பெனிக் கழிப்பறையில் நின்று படித்தேன்.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். பயம்தான் வந்தது. அப்பா மக்காச்சோளம் போட்ட இடத்தில் இப்போது ரோட்டு மேடு. பஸ் அதைத் தாண்டும்போது எது எங்கள் வரப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன். லாரிக்கு என் சம்பளத்தில் மிஞ்சுவது மட்டும். நிலத்துப் பணம் நிலமாகவே திரும்ப வேண்டும். இதில் பிசகக் கூடாது.

9 மார்ச், ஞாயிறு

சித்தப்பா வந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பாண்டிச்செல்வம் சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தாலே விசாரணை மாதிரி இருக்கும்.

"ரெண்டு பொம்பளைகளும் அவிய பங்க வேல்பாண்டி கணக்குக்கு மாத்தி விட்ருங்க. அவென் மெத்த வீடு கட்டட்டும். இவ கல்யாணத்த அவென் பாத்துக்கிடுவான்" என்றார்.

அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "கட்டிக்கிட்டுப் போறவளுக்கு பேங்குல எதுக்கு அம்புட்டு? வெளிய விட்டா லாரிக்குத்தான் ஊத்துவா."

அதில் பாதி உண்மை. அதனால்தான் அதிகம் வலித்தது. நான் காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சொல்ல நினைத்ததெல்லாம் டம்ளர் கழுவும்போது வரிசையாக வந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பங்கை விட்டுக்கொடுக்கும் பெண்ணுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு பட்டுச்சேலை வைத்துக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். அம்மா தான் பிறந்த மகாராஜபுரத்தில் அப்படிப் போட்டுவிட்டு வந்தவள்.

"சேல எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்ல சேலதான். அரக்குக் கலரு."

"நெலம்?"

"கெணத்தோட ரெண்டு ஏக்கரு" என்றாள், புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே.

23 மார்ச்

பிசகிவிட்டேன்.

சுப்புராஜ் அண்ணன் இஞ்சினைப் பார்த்துவிட்டு, "இத எறக்கி வேல பாக்காம நீ பெயிண்ட் அடிச்சா, பொணத்துக்குப் பவுடர் போட்ட கததாம்மா" என்றார். சம்பளத்தில் அது முடியாது. நிலத்துப் பணத்தில் எடுத்தேன். ஒரே ஒரு முறை. இப்படித்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள் என்று தெரியும்.

அண்ணனாவது வீடு கட்டக் கேட்கிறான். வீட்டில் நாலு பேர் இருக்கலாம். இந்த லாரியில் யார் இருக்கப் போகிறார்கள்? அப்பா நிலத்தை இஞ்சினில் ஊற்றுவதற்கு அவனிடமே கொடுத்துவிடலாமே. — இல்லை. கொடுத்தால் நிலமும் போகும், லாரியும் போகும்.

13 ஏப்ரல், ஞாயிறு

இஞ்சின் ஓடியது. தெருவே புகை. எதிர்வீட்டில் காயப்போட்ட வடாம் கறுத்துவிட்டது. திட்டு வாங்கினேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

6 மே

வண்டி தயார். ஓடத் தகுதி என்று எஃப்.சி. வாங்கிவிடலாம் என்று கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கேட்டார்:

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

"எங்கப்பா பேர்ல."

"அவரக் கூட்டிட்டு வாங்க."

"அவர் எறந்துட்டார் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். முதலில் பெயர் மாற்ற வேண்டும். நிலம் மாதிரிதான் வண்டியும். வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு மாற மற்றவர்கள் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு இது தோன்றவே இல்லை. நிலத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க அலைந்தவளே நான்தான். ஆனால் லாரியை ஒரு நாளும் சொத்தாக நினைக்கவில்லை. நான் கட்டினேன், அதனால் என்னுடையது. சின்னப் பிள்ளை மணல்வீடு கட்டின மாதிரி.

அம்மா உடனே சரி என்றாள். அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"அப்ப அந்த ஓட்ட லாரில எனக்கும் பங்கு இருக்கு, என்ன?"

"நீ இரும்புக்குப் போடச் சொன்னதுதான."

"அது அப்ப. இப்ப ஓடுதுல்லா. நீ செக்குல கையெழுத்துப் போடு, நா லாரிக்குப் போடுதேன். அம்புட்டுத்தான் கணக்கு."

7 மே

என்னத்தச் சொல்ல. ஒவ்வொரு நட்டும் நான் முடுக்குனது. கையில தோல் உரிஞ்சது எனக்கு. அவென் ஒரு நாள் வந்து ஒரு துணி எடுத்துத் தொடச்சிருப்பானா? இப்ப பங்காம் பங்கு. ஏன் நான் அப்பவே வாயத் தொறக்கல? ஏன் எப்பவும் டம்ளரத் தூக்கிட்டு உள்ள போறேன்?

1 ஜூன், ஞாயிறு

லாரியைத் துடைத்தேன். செய்ய வேறு வேலை இல்லை. முடிந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது, முடியாத வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதைவிடக் கஷ்டம். கண்ணாடி வழியே எங்கள் தெரு மட்டும் தெரிகிறது. மடவார் வளாகம் கோயிலுக்குப் போகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போகிறார்கள்.

அம்மா தன் பங்கை அண்ணனுக்கு மாற்றிவிட்டாள். அது அவள் இஷ்டம். "மகன் வீட்டுலதான எங் கட்ட வேகணும்" என்றாள்.

29 ஜூன்

பேச்சு இல்லை. அண்ணன் என்னிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்கிறான், நான் பக்கத்திலேயே நிற்கும்போது. "கையெழுத்து எப்பன்னு கேளும்மா." நானும் அம்மாவிடமே, "யோசிக்கேன்னு சொல்லும்மா." அம்மா, "நா என்ன டெலிபோனாட்டி?" என்று எழுந்து போய்விட்டாள்.

யோசிக்கிறேனா? பயத்தில் நாளைத் தள்ளுகிறேன்.

20 ஜூலை, ஞாயிறு

சுப்புராஜ் அண்ணன் பட்டறைக்குச் சும்மா போனேன். உள்ளே விடாமல் ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அங்கே ஒருவர் பழைய ஜீப்பை விற்க வந்து, வாங்குகிறவர் முன்னாலேயே அதைத் தடவித் தடவிப் பேசிக்கொண்டிருந்தார். வாங்குகிறவர் விலையைக் குறைத்துக்கொண்டே போனார். ஒட்டுதலைப் பார்த்துவிட்டால் விலை பேசுவது அவ்வளவு சுலபம்.

பஸ்ஸில் திரும்பும்போது கிருஷ்ணன்கோவில் தாண்டிய பிறகுதான் நான் தப்பான பஸ்ஸில் ஏறியிருப்பது தெரிந்தது. இறங்கி நின்றேன். அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது. பணத்துக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். அது ஏற்கெனவே என் பெயரில் இருக்கிறது. கையெழுத்து வேண்டியது லாரிக்கு மட்டும். லாரி எனக்கு வேண்டும் என்பதால்தான் அவன் கையில் பிடி. எனக்கு அது வேண்டாம் என்று ஆகிவிட்டால்?

வேண்டாம் என்று ஆகாது. வேண்டாம் என்று சொல்லத்தான் முடியும்.

28 ஜூலை, திங்கள். ஆடிப்பூரம்

தேரைப் பார்த்துவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். நல்ல நாள் என்று சித்தப்பா இன்றைக்கே வைத்துவிட்டார். தட்டு, வெற்றிலை, பூ, மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை. அண்ணன் நல்லதாகவே எடுத்திருந்தான். அலமாரியிலிருந்து என் செக் புத்தகத்தையும் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

நான் உள்ளே போய் லாரியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தேன். அண்ணன் முகம் மலர்ந்தது, இரண்டு கையெழுத்தும் ஒன்றாக முடியப் போகிறது என்று.

"லாரிய நீயே எடுத்துக்க. சம்மதம்னு நான் எழுதித் தாரேன்."

"எடுத்து?"

"ஓட்டு. நல்லா ஓடும்."

"செக்கு?"

"அது எம் பேர்ல இருக்கட்டும்."

இந்த முறை வாயில் வந்துவிட்டது. சித்தப்பா, "படிக்க வச்சது தப்பாப் போச்சு மைனி" என்று அம்மாவிடம் சொன்னார். அண்ணன் எழுந்துவிட்டான். "அந்த லாரிய எவன் கேட்டான்?" என்றான். பிறகு ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தான். பிறகு எடுத்துக்கொண்டான்.

அம்மா சேலையை எடுத்து அட்டைப் பெட்டியில் திரும்ப மடித்து வைத்தாள். "கடையில குடுத்து மாத்திக்கிடுல. அவ பங்க எழுதல, லாரியத்தான் எழுதியிருக்கா. லாரிக்குச் சேல கெடையாது."

அவள் என் பக்கம் பேசினாளா, வெறுமே முறையைச் சொன்னாளா? கேட்கவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

அண்ணன் வண்டி எடுத்துவிட்டான். பெயர் மாறி, எஃப்.சி. முடிந்து, வத்திராயிருப்புப் பக்கம் தேங்காய் லோடு. முன்கண்ணாடி மேல் தன் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறான். எழுத்து கோணல். தெருமுனையில் திரும்பும்போது முதல் கியரிலிருந்து அவசரமாக மாற்றுகிறான், பல்சக்கரம் கத்துகிறது. காதைப் பொத்திக்கொண்டேன்.

என் நகங்கள் சுத்தமாக இருக்கின்றன.

15 செப்டம்பர், திங்கள்

பத்திரப் பதிவு முடிந்தது. வன்னியம்பட்டியில், புது ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முப்பது சென்ட். இஞ்சினுக்குப் போனது போக மீதியில் இவ்வளவுதான் வந்தது. அம்மாவைச் சாட்சியாகக் கூட்டிப் போனேன். விரல்ரேகை வைத்ததும் மையை முந்தானையில் துடைத்துவிட்டு, "ஒம் பேரு மட்டுமா போட்டிருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். புத்திசாலித்தனமாகத்தான் செய்திருக்கிறேன். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

5 அக்டோபர்

பெண் பார்க்க வந்தவர்கள் நிலத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அது யார் பெயருக்கு மாறும் என்று. "மாறாது" என்றேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

16 நவம்பர், ஞாயிறு

அண்ணன் போன் செய்தான். ஆடிப்பூரத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசுவது இதுதான் முதல் முறை.

"ஏட்டி, பக்கத்து மனைல வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிட்டாக. வண்டிய நிறுத்த எடமில்ல. பைபாஸ்ல போட்டா டீசலக் களவாண்டுருதானுக. ஒன் எடத்துல நிறுத்திக்கிடட்டா?"

கேட்கிறான். நிறுத்தப் போகிறேன் என்று சொல்லவில்லை, நிறுத்தட்டா என்று கேட்கிறான்.

"நிறுத்திக்க."

"வாடக எதுவும் கேப்பியோ?"

"வாடக வேண்டாம். ஞாயித்துக்கெழம மட்டும் வண்டிய எடுக்காத."

"ஞாயித்துக்கெழமதாம்ட்டி சந்தை லோடு!"

"அப்ப வேற எடம் பாரு."

நானா சொன்னேன்? போனில் அவன் பின்னால் இஞ்சின் ஓடுவது கேட்டது. வால்வு இடைவெளி கூடிவிட்டது, தட்டுகிறது. இவ்வளவு நாள் அப்படியே ஓட்டியிருக்கிறான்.

"சரிட்டி" என்றான். பிறகு, "ரெண்டாவது கியரு வேற விழ மாட்டேங்கு."

அடுத்த ஞாயிறு வன்னியம்பட்டிக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வேண்டும்.