பேனர் பிடித்தவனுக்கு வந்த பயோடேட்டா

பாப்பா,

தோள்பட்டை இரண்டும் விண்விண்ணென்று வலிக்கிறது. மூட்டை தூக்கியதால் இல்லை. நேற்று வேலைவாய்ப்பு முகாமிலிருந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போக மதியமே வந்தவன், சரிந்த கம்பெனி பேனரை மாலைவரை பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை அதிகாரி என்று நினைத்துப் பிள்ளைகள் பயோடேட்டாவை அக்குளில் செருகினார்கள். நீயும் தலை நிமிராமல் வந்து, "தேங்க்யூ சார்" என்று செருகிவிட்டு ஓடினாய். ஒருத்தன்தான் முகம் பார்த்து, "கை வலிக்கலையாண்ணே?" என்றான். அவனுக்கு அதிகாரியிடம் சிபாரிசு செய்தேன். உனக்குச் செய்யாமல் அவனுக்குச் செய்தேன் என்றா ராத்திரி என்னோடு அவ்வளவு சண்டை?

சோறு அடுப்புமேல். பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு. முகாம் இன்றும் உண்டு, போ; முகம் பார்த்து, என்ன வேலை என்று வாய்விட்டுக் கேள்.

பி.கு: உன் பயோடேட்டா தலையணைக்கடியில். வியர்வை பட்டது, புதிதாக ஒரு பிரதி எடு.

இன்னொன்று: மாலையில் முகாம் வாசலில் நிற்பேன். எல்லார் முன்னாலும் ஒரு "அப்பா" பாக்கி வைத்திருக்கிறாய்.