தார் வீதியில் எழுதிய சமன்பாடு

ஈர நெல்லின் வாடை வீட்டுக்குள் வந்ததும் வானத்தைப் பார்த்தேன். மேற்கே கறுத்திருந்தது. வெளியே வீதியோரத்தில் உன் தம்பியின் நெல் படங்கு விரிப்பில் காய்கிறது. என் மனைவி நீ மௌத்தாகி அடக்கமான பிறகு வந்த முதல் அறுவடை. மழையைவிட, அவன் வந்து கணக்குக் கேட்பானே என்பதுதான் எனக்குப் பதற்றமாக இருந்தது.

முன்பெல்லாம் அவன் உன்னிடம்தான் கேட்பான். ஒருமுறை வரிப்பத்தான்சேனை வயலிலிருந்து ஐம்பது மூடை கொண்டுவந்திருந்தான். எல்லாம் ஒரே அளவு மூடை. ஆலையில் மொத்த நெல்லையும் கலந்துதான் ஈரம் பார்ப்பார்கள். சராசரி ஈரம் நூற்றுக்குப் பதினான்கு வீதத்தைத் தாண்டினால் லொறியைத் திருப்பிவிடுவார்கள். அவசரத்தில் அவன் இருபது மூடையைப் பதினேழிலேயே கட்டிவிட்டான். மிச்சம் முப்பதும் படங்கில் பன்னிரண்டு காட்டின. பதினொன்றுக்கு இறங்கட்டும் என்று காத்திருந்தான். மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. நனைந்தால் நெல் முளைத்துவிடும்.

நீ பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு வந்து கொண்டிருந்தாய். ஏன் இன்னும் அள்ளவில்லை என்று கேட்டாய்.

"பதினேழுக்கும் பதினொண்டுக்கும் நடுவில பதினாலு ராத்தா. அதான் பாத்துக்கிட்டிருக்கன்."

"இருபது மூடையும் முப்பது மூடையும் ஒரே பாரமாடா?"

கைப்பையிலிருந்து சோக்கை எடுத்துத் தார் வீதியில் குந்தினாய். நான் பயத்தில் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தெரியாததுக்கு முதல்ல ஒரு பேர வைங்க, பயத்தப் பிறகு பாப்பம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மிச்ச நெல்லின் ஈரத்துக்கு x என்று பெயர் வைத்தாய். இருபது தர பதினேழு, முந்நூற்று நாற்பது. அதோடு முப்பது x. இரண்டும் சேர்ந்து ஐம்பது தர பதினான்கு, அதாவது எழுநூறு. முப்பது x முந்நூற்று அறுபது. x பன்னிரண்டு.

இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எதையும் எழுதாத நிருபர் நான், நம்பாமல் நின்றேன். பன்னிரண்டைத் திரும்பப் போட்டு எழுநூறு வருவதைக் காட்டினாய். கடைசி மூடையைக் கட்டும்போது விழுந்த மழை, உன் சோக்கு எழுத்தைக் கழுவிக்கொண்டு போனது.

இன்று அவன் வந்துவிட்டான். பத்து மூடை பதினேழில் கட்டியாகிவிட்டதாம். மிச்சம் முப்பது, பதின்மூன்று காட்டுகிறதாம்.

"பதினொண்டு வரணும்தானே மச்சான்?"

அதே பிழை. சிரிப்பு வரவில்லை. பேனையை எடுத்தேன். x என்று எழுதினேன். நாற்பது தர பதினான்கு, ஐந்நூற்று அறுபது. நூற்று எழுபது கழித்தால் முந்நூற்றுத் தொண்ணூறு. முப்பதால் பிரித்தேன். பதின்மூன்று. திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறகும் ஒருமுறை பார்த்தேன்.

"அள்ளு" என்றேன்.

அவன் அசையவில்லை. "இது உங்கட கணக்கா, ராத்தாட கணக்கா?"

"ராத்தாட கணக்கு."

ஓடிப்போய்ப் படங்கின் நுனியைப் பிடித்தான். மறு நுனியை நான் பிடித்தேன்.